கவிதை எழுதி யாருக்கு என்ன ஆச்சு?

ஜனவரி 6

வாசகர் ஒருவர் கேட்டது: "அநீதியைக் கண்டு கொதிக்கிறார்கள், கவிதை எழுதுகிறார்கள், கைதட்டு வாங்குகிறார்கள். அநீதி அது பாட்டுக்கு இருக்கிறது. எழுதுகிறவர் தன் மன அரிப்பைச் சொறிந்துகொள்வது தவிர இதில் வேறு என்ன இருக்கிறது? ஒரு கவிதையால் ஒரே ஒரு உயிர் பிழைத்ததாகக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்."

ஜனவரி 6, இரவு

ஒரு உயிர் என்ன, பிள்ளைகளையே காட்டுகிறேன். புறநானூறு 46. கிள்ளிவளவன் என்ற சோழன் தன் பகைவன் மலையமானின் சின்னப் பிள்ளைகளைப் பிடித்து வந்து, யானைக் காலில் இட நிறுத்தியிருக்கிறான். கோவூர் கிழார் போய்ப் பாடுகிறார். எட்டே அடி.

அரசனைத் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. நீ யார், ஒரு புறாவின் துயரைத் தீர்த்தவன் வழியில் வந்தவன். இவர்கள் யார், புலவர்கள் பசிக்கக் கூடாதே என்று பகுத்து உண்டவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார், அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறார்:

களிறு கண்டு அழூஉம் அழாஅல் மறந்த
புன்தலைச் சிறாஅர் மன்று மருண்டு நோக்கி

அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிடுகிறார்கள். தங்களைக் கொல்ல நிற்கும் யானை அது. பிள்ளைகளுக்கு யானை வேடிக்கைதானே! பிறகு சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். பயம் யானையிடம் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு வாதம் வேண்டுமா? பிள்ளைகள் பிழைத்தார்கள். ஒத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 7

நேற்று முதலில் 45 என்று போட்டு, பாதி ராத்திரியில் எழுந்து 46 ஆக்கினேன். 45-உம் கோவூர் கிழார் பாட்டுதான், ஆனால் அது ஒரே குடியில் பிறந்த இரண்டு சோழர்கள் மோதிக்கொள்வதைத் தடுக்கப் பாடியது. 47 இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று நினைத்துக் கொல்லப் போனபோது பாடியது. மனிதர் முழுநேரமும் இதே வேலையாக இருந்திருக்கிறார்.

ஜனவரி 9

இரண்டு நாளாக ஒரு நெருடல். திரும்ப எடுத்துப் படித்தேன்.

"பிள்ளைகள் பிழைத்தார்கள்" என்று அடித்துச் சொன்னேன். அது பாட்டில் இல்லை. பாட்டுக்குக் கீழே, யார் யாரை எப்போது பாடியது என்று பின்னால் சேர்த்த குறிப்பில்தான், பாடி உய்யக்கொண்டது என்று இருக்கிறது. பாட்டு முடிவது இப்படி: "கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே." கேட்டுவிட்டாயா, இனி உன் விருப்பம்போல் செய். அதோடு சரி. கோவூர் கிழாருக்கே தன் பாட்டின் எல்லை எது என்று தெரிந்திருக்கிறது. கேட்க வைப்பது வரைதான் அவர் கணக்கு. பிழைக்க வைப்பது அரசன் கையில். நான்தான் அவரைவிட அதிகமாக உரிமை கொண்டாடிவிட்டேன்.

இன்னொன்று. பிழைத்தவர்கள் குறுநில மன்னன் வீட்டுப் பிள்ளைகள். புலவர்களுக்குச் சோறு போட்ட வீடு. யானைக் காலில் ஒரு மாடு மேய்ப்பவன் மகன் நின்றிருந்தால் கோவூர் கிழார் வந்திருப்பாரா? வந்திருக்கலாம். நமக்குக் கிடைத்தது இந்தப் பாட்டுதான். கேள்வி கேட்டவருக்குப் பாதி வெற்றி என்று எழுதிக்கொள்ளலாம்.

ஜனவரி 14

"உங்கள் சொந்த அனுபவம் என்ன, புறநானூற்றுக்குப் பின்னால் ஒளியாதீர்கள்" என்று கேட்டிருந்தது. நியாயம்.

ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தேன், ஆறாவது மாடி. லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள்: துப்புரவுப் பணியாளர்கள் படிக்கட்டைப் பயன்படுத்தவும். தினமும் காலையில் ஒரு அக்கா, ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் துடைப்பக் கட்டை, படியேறி வருவார். எனக்குக் கொதித்தது. உண்மையாகவே கொதித்தது, அதில் பொய் இல்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து நாற்பது வரி எழுதினேன். தொடக்கம் மட்டும் போடுகிறேன், மீதியைக் கேட்காதீர்கள்:

எண்ணற்ற படிகளில் ஏறுகிறாள்
கண்ணீர் வாளி சுமந்தொரு தாய்

கடைசியில் கோபுரங்கள் எல்லாம் அவள் பெருமூச்சில் பற்றி எரிந்தன. கோபுரம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அலுவலக ஆண்டுவிழாவில் வாசித்தேன். நல்ல கைதட்டு. யாருக்கு எதிராக எழுதினேனோ அவர்களும் தட்டினார்கள், அதுவும் முன்வரிசையில் உட்கார்ந்து. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து அந்த அக்கா நின்றார். விழாவில் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர், எல்லாம் கேட்டிருக்கிறார். "பாட்டு என்னைப் பத்தியா தம்பி?"

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

"நான் எப்ப தம்பி அழுதேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. நான் அவரை வேறு யாரோடோ குழப்பிக்கொண்டேனோ என்று சரிபார்ப்பது போலக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. லிஃப்ட் வந்தது. ஏறிப் போய்விட்டேன்.

ஜனவரி 15

எதுகை! ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். எண்ணற்ற, கண்ணீர். வருடக்கணக்கில் இது என் கண்ணில் படவே இல்லை. அந்த அக்கா அழுதது துயரத்தால் அல்ல, இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டுமே என்று.

ஜனவரி 15, பிறகு

சிரித்து முடித்தபின் யோசித்தால் எதுகை மட்டும் காரணம் இல்லை. சின்ன வயதிலிருந்து மனப்பாடம் செய்த குறள்: அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண்ணீர்தான் செல்வத்தைத் தேய்க்கும் படை. என் தலையில் அநீதி என்றால் உடனே கண்ணீர். அழாதவர் எனக்கு ஆயுதமாகப் பயன்படமாட்டார். ஆகவே அழ வைத்தேன். வள்ளுவர் அதை எழுதியது கொடுங்கோன்மை அதிகாரத்தில், ஆளுகிறவனை எச்சரிக்க. பாதிக்கப்பட்டவர் அழுதே ஆக வேண்டும் என்று எங்கும் விதி போடவில்லை. தப்பு என்னுடையது.

ஜனவரி 19

"நாற்பது வரி எழுதிய நேரத்தில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாமே." இதே கேள்வி மூன்று பேரிடமிருந்து.

கிழிக்கவில்லை. பயம். வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை, "இவன் ஒரு மாதிரி" என்று பெயர் வாங்கிவிடுவேனோ என்ற பயம். கவிதை வாசித்தால் அந்தப் பெயர் வராது, "கவிஞர்" என்ற பெயர் வரும். பாதுகாப்பான கோபம்.

தாள் எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பிரிவில் ஒருவர், கவிதை என்றாலே எழுந்து போய்விடுகிற ஆள், புகார்ப் புத்தகத்தில் எழுதினார்: "லிஃப்டில் 8 பேர் ஏறலாம் என்று போட்டிருக்கிறது. எந்த 8 பேர் என்று போடவில்லை. தெளிவுபடுத்தவும்." தெளிவுபடுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. ஒரு வாரத்தில் தாளைக் காணோம்.

அந்த இரண்டு வரியைப் பார்த்து எனக்கு இன்றும் பொறாமை.

ஜனவரி 23

பேச்சு ஆங்கிலக் கவிஞர் ஆடன் பக்கம் போயிருக்கிறது. "கவிதையால் எதுவும் நிகழ்வதில்லை" என்று அவரே சொன்னதாக ஒருவர் எடுத்துப் போட்டார். சொன்னார், 1939-இல், ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் இறந்தபோது எழுதிய இரங்கற்பாவில். ஆனால் அந்த வரியோடு நிறுத்திவிடுகிறோம். பாட்டு அங்கே நிற்கவில்லை. கவிதை பிழைத்துக் கிடக்கிறது, அதுவே நிகழ்வதற்கான ஒரு வழி, ஒரு வாய், என்று தொடர்கிறது. பாதி வரியை வைத்து வாதாடுவது எவ்வளவு சுகம் என்று எனக்குத் தெரியும், இந்த மாதம் நானே செய்தேன்.

எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. அதே 1939-இல், போர் தொடங்கியபோது எழுதிய கவிதையில் ஒருவரை ஒருவர் நேசித்தாக வேண்டும், இல்லையேல் சாக வேண்டும் என்று ஒரு வரி. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அவருக்குப் பிடிக்காமல் போனது. நேசித்தாலும் சாகத்தானே போகிறோம், இது பொய் என்று பட்டது. 1955-இல் 'இல்லையேல்' என்பதை எடுத்துவிட்டு நேசிக்கவும் வேண்டும், சாகவும் வேண்டும் என்ற பொருளில் மாற்றினார். அதுவும் திருப்தி இல்லை, பிறகு தன் தொகுப்பிலிருந்து கவிதையையே தூக்கிவிட்டார். மூல வரிதான் நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி. ஆனால் புகழ் பெற்ற ஒரு வரியை உண்மை இல்லை என்று சொந்தக் கையால் வெட்ட எத்தனை பேரால் முடியும்? நான் அந்தக் "கண்ணீர் வாளி"யை அடுத்த வருடமும் வேறொரு மேடையில் வாசித்தேன். ஆமாம், அந்த அக்கா கேட்ட பிறகு. இதை 14-ஆம் தேதி எழுதவில்லை.

ஜனவரி 24

"ஏன் திரும்ப வாசித்தீர்கள்?"

கைதட்டு நிச்சயம் என்று தெரிந்திருந்தது.

பிப்ரவரி 2

ரஷ்யக் கவிஞர் அக்மதோவா பற்றி எழுதச் சொல்லி வாரக்கணக்காகிறது. ஸ்டாலின் காலத்தில், லெனின்கிராடில் சிறைக்கு வெளியே பதினேழு மாதம் வரிசையில் நின்றவர், மகன் உள்ளே. உடன் நின்ற ஒரு பெண், குளிரில் உதடு நீலம் பாரித்தவள், இவர் கவிஞர் என்று யார் மூலமோ தெரிந்து காதோடு கேட்கிறாள்: இதை உங்களால் விவரிக்க முடியுமா? முடியும் என்கிறார். ஒரு காலத்தில் முகமாக இருந்ததன் மேல் புன்னகை போல ஏதோ ஓடியது என்று எழுதுகிறார்.

அந்தப் பெண் "இதை மாற்ற முடியுமா" என்று கேட்கவில்லை. கேள்வி போட்ட வாசகர் இதைக் கவனிக்க வேண்டும். வரிசையில் நிற்கிறவளுக்குக் கவிதையிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. வெளியே நின்று பார்க்கிற நமக்குத்தான் கவிதை யானையையும் நிறுத்த வேண்டும், ஆட்சியையும் கவிழ்க்க வேண்டும்.

அந்த வரிசையைப் பற்றி அவர் எழுதியது 'ரெக்வியம்'. அதைத் தாளில் வைத்திருக்க முடியாது, பிடிபட்டால் தொலைந்தது. நம்பிக்கையான தோழிகள் வருவார்கள். சுவருக்கும் காது உண்டு என்பதால் தேநீர் வேண்டுமா என்பது போல ஏதாவது சத்தமாகப் பேசிக்கொண்டே துண்டுத் தாளில் வரிகளை எழுதி நீட்டுவார். தோழி படித்து மனப்பாடம் செய்வாள். பிறகு தாள் சாம்பல் கிண்ணத்தில் எரியும். 1963-இல் ம்யூனிக்கில் அச்சானது, சொந்த நாட்டில் 1987-இல்தான். அதுவரை அந்தக் கவிதைக்கு வீடு சிலரின் தலை.

என்னுடைய நாற்பது வரியில் எனக்கே இன்று நினைவிருப்பது இரண்டு வரி. அதுவும் எதுகையால்.

பிப்ரவரி 5

சின்னத் திருத்தம். மேலே "வெளியே நின்று பார்க்கிற நமக்கு" என்று எழுதியிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் வரிசையில் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள், ஒருவர் எழுதியிருந்தார். "வெளியே நின்று பார்க்கிற எனக்கு" என்று வாசித்துக்கொள்ளவும்.

பிப்ரவரி 12

மனப் போராட்டம் பக்கம் வரவே இல்லையே என்று இன்னொருவர். "வெளி அநீதி பற்றி எழுதுவது அரசியல், உள்ளே குமைவதை எழுதுவது கவிதை, இரண்டையும் ஏன் கலக்கிறீர்கள்?"

பாரதியைக் கேளுங்கள். "நல்லதோர் வீணை செய்தே அதை நலங்கெடப் புழுதியில் எறிவதுண்டோ" என்று தொடங்குவது முழுக்கச் சொந்தப் புலம்பல். இத்தனை அறிவைக் கொடுத்து இப்படிப் போட்டுவிட்டாயே என்று. மூச்சு விடுவதற்குள் "வல்லமை தாராயோ, இந்த மாநிலம் பயனுற வாழ்வதற்கே" என்று போய்விடுகிறது. எங்கே சொந்தம் முடிந்து ஊர் தொடங்கியது என்று கோடு போட முடிகிறதா? "நெஞ்சு பொறுக்குதிலையே" என்பதும் அப்படித்தான், பார்ப்பது வெளியே, வலிப்பது உள்ளே.

இதைவிடப் பழையது ஒன்று, புறநானூறு 164. பெருந்தலைச் சாத்தனார் வறுமையில் குமணனிடம் போகிறார். எத்தனை நாள் பட்டினி என்று சொல்லவில்லை. சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது என்கிறார், "ஆம்பி பூப்ப". பால் இல்லாத மார்பைச் சுவைத்துக் குழந்தை அழுகிறது. மனைவி குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள், அவள் கண்ணில் நீர். அவள் துயரத்தை இவர் பார்க்கிறார். பார்த்து, நினைத்து, உன்னிடம் வந்தேன் என்கிறார். இங்கே கண்ணீர் இருக்கிறது, ஆனால் யார் கண்ணில், எதைப் பார்த்து என்று இருக்கிறது. எதிரில் நின்று அதைப் பார்த்தவனும் பாட்டுக்குள் இருக்கிறான், வெட்கத்தோடு.

என் பாட்டில் நான் எங்கே இருந்தேன்? லிஃப்டில்.

பிப்ரவரி 13

எழுதினால் மனம் ஆறுமா என்ற கிளைக் கேள்விக்குச் சுருக்கமாக. 1986-இல் பென்னபேக்கர், பீல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், வாழ்க்கையில் நடந்த கொடுமையான ஒன்றை எழுத வேண்டும். எழுதி முடித்த கையோடு மனநிலை மோசமானது. ஆனால் நடந்ததையும் அதனால் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. சேர்த்து எழுதியவர்கள் என்பதைக் கவனிக்கவும். நான் ஒரு வருடம் வெறும் பட்டதை மட்டும் எழுதினேன், வேலையும் உறவும் ஒரே நேரத்தில் கையை விட்டுப் போன வருடம். இருள், கடல், சிறகு, மறுபடி இருள். நான்கு நோட்டுப் புத்தகம். என்ன நடந்தது என்று அதில் ஒரு வரி இல்லை. இன்று எடுத்துப் படித்தால் எனக்கே யாருடைய துக்கம் என்று புரியவில்லை.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல் இருப்பவர்கள் கவிதையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். நானும் பார்த்தேன், நோட்டுப் புத்தகங்களைவிட அது உதவியது.

பிப்ரவரி 20

மறுபடி முயன்றேன்.

லிஃப்டுக் கண்ணாடியில்
சட்டைக் காலரைச் சரிசெய்தேன்.
கதவு மூடும் நேரம்
படியில் வாளி வைக்கும் சத்தம்.

கோபுரம் இல்லை, தீ இல்லை, அழுகை இல்லை.

பிப்ரவரி 21

"இதில் நீங்கள்தான் நாயகன். அந்த அம்மா வெறும் சத்தம்."

ராத்திரி பூராவும் இதற்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன். பதில் கிடையாது, அவர் சொன்னது சரி. முதல் கவிதையில் அவரை அழ வைத்தேன், இரண்டாவதில் காணாமல் போக்கிவிட்டேன். குற்ற உணர்ச்சிக்கும் ஒரு கண்ணாடி தேவைப்படுகிறது போலிருக்கிறது, அதன் முன்னால் நின்று காலரைச் சரிசெய்துகொள்ள.

மார்ச் 3

14-ஆம் தேதிக் குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். மறக்கவில்லை, விட்டேன்.

"நான் எப்ப தம்பி அழுதேன்" என்பதற்குப் பிறகு லிஃப்ட் உடனே வரவில்லை. அக்கா இன்னொன்றும் சொன்னார். "எண்ணற்ற படின்னு வேற சொல்றீங்க. எண்ணாம எப்படி ஏறுவாங்க? நூத்து முப்பத்திரெண்டு. எண்ணிக்கிட்டே ஏறுனா மூச்சு வாங்காது."

அழவில்லை என்பதை ஒப்புக்கொள்ள முடிந்தது, அதைக் கவித்துவ மிகை என்று சமாளித்துவிடலாம். இதைச் சமாளிக்க வழி இல்லை. நான் "எண்ணற்ற" என்று எழுதியதை அவர் தினமும் எண்ணிக்கொண்டிருந்தார். நான் எழுதிய நாற்பது வரியையும் அந்த ஒரு எண் அடித்துவிட்டது. அதனால்தான் சொல்லவில்லை.

மார்ச் 11

ஒரு வேலையாகப் பழைய கட்டடத்துக்குப் போனேன். அந்த அக்கா இப்போது அங்கே இல்லை, எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. லிஃப்டை விட்டுப் படியேறினேன், எண்ணிக்கொண்டே.

நூற்று இருபத்தாறு.

இறங்கி மறுபடி ஏறினேன். நூற்று இருபத்தாறுதான். ஆறு படி குறைகிறது. கொஞ்சம் அற்பமான ஒரு சந்தோஷம்கூட வந்தது, எதற்கு மறைக்க. அக்காவும் மிகையாகச் சொல்லியிருக்கிறார், கணக்குச் சரியாகிவிட்டது என்று.

மார்ச் 11, இரவு

சரியாகவில்லை. நான் படிகளை எண்ணினேன், மாடிக்கு 21. ஆனால் 21-ஆவது படியில் நின்றால் இன்னும் தளத்துக்கு வந்து சேரவில்லை. அங்கிருந்து தளத்தில் ஏற இன்னொரு முறை காலைத் தூக்க வேண்டும். எனக்கு அது தளம், கணக்கில் வராது. வாளியோடு வருகிறவருக்கு அங்கேயும் ஒரு தடவை தூக்க வேண்டும். 22. ஆறு மாடிக்கு 132.